கண்ணீரும் தடைவிடையும்: படித்த நூலைப் பற்றித் தமிழ் வாசகர்கள் பேசிக்கொண்ட விதம்

ஒரு நூலைப் படித்து முடித்தவர் அதைப் பற்றி இன்னொரு வாசகரிடம் சொல்ல விரும்புவது எக்காலத்துக்கும் பொதுவான ஆசையாகத் தோன்றினாலும் அந்த ஆசைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒருவர் உரக்கப் படிக்க, பலர் சுற்றியிருந்து கேட்ட காலத்தில், கேட்டவர்கள் தம் கருத்தைச் சொல்வதற்கென்று தனியே யாரையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. தலையசைப்பும் பாராட்டும் இடையில் எழுந்த கேள்வியும் அந்த இடத்திலேயே கருத்தாக வெளிப்பட்டுவிட்டன. அச்சு நூல்கள் பெருகி, கதை படிப்பது வாய் அசையாமல் கண்ணால் மட்டும் செய்யும் காரியமாக மாறிய பிறகுதான் ஒவ்வொரு வாசகரும் தம் கருத்தோடு தனியே விடப்பட்டார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நாவல் என்ற புதிய வடிவத்தோடு சேர்ந்து இந்த மௌன வாசிப்பு தமிழில் பரவியதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ என்ற நூலில் ஆராய்ந்திருக்கிறார். அந்த மாற்றத்துக்கு அடுத்த கட்டமே இங்கு ஆராயப்படுகிறது: தனித்துப் படிக்கத் தொடங்கியவர்கள் மறுபடி கூடிப் பேசுவதற்கு எந்தெந்த வழிகளைக் கண்டார்கள், அவற்றுள் எவை ஒரு வாசகரின் கருத்தை மற்றொரு வாசகருக்குப் பயன்படும்படி செய்தன என்பதே கேள்வி.

நூல் ஒன்றை மதிப்பிடுவது பற்றித் தமிழ் மரபில் இரண்டு கதைகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. இறையனார் அகப்பொருளுக்குப் புலவர்கள் எழுதிய உரைகளுள் எது மெய்யுரை என்று முடிவு செய்ய, பேச்சு வராத ஐந்து வயதுச் சிறுவன் உருத்திரசன்மன் முன் அவை வாசிக்கப்பட்டன என்பதும், மருதன் இளநாகனாரின் உரைக்குச் சில இடங்களில் மட்டும் கண்ணீர் சிந்திய அவன் நக்கீரரின் உரைக்குச் சொல்தோறும் மெய்சிலிர்த்துக் கண்ணீர் வார்த்தான் என்பதும் ஒரு கதை. குறுந்தொகையில் உள்ள ‘கொங்குதேர் வாழ்க்கை’ என்னும் பாட்டில் பொருட்குற்றம் உண்டென்று அதே நக்கீரர் அவையில் எழுந்து வாதிட்டதும், பாட்டுக்கு உரியவர் இறைவனே என்று தெரிந்த பிறகும் தம் வாதத்தை விட்டுக்கொடுக்காமல் நின்றதும் மற்றொரு கதை. முதல் கதையில் தீர்ப்புச் சொல்பவனுக்கு மொழியே இல்லை; அவன் உடல்தான் சாட்சி. இரண்டாம் கதையில் தீர்ப்புக்குக் காரணம் சொல்லியாக வேண்டும், அந்தக் காரணத்தை யார் வேண்டுமானாலும் மறுக்கலாம். இவ்விரண்டும் வரலாற்று நிகழ்ச்சிகள் இல்லையென்றாலும், படித்ததைப் பற்றிக் கருத்துச் சொல்வதில் தமிழ்ச் சமூகம் இரண்டு முறைகளையும் ஒருசேர மதித்தது என்பதற்கு இவை நல்ல சான்றுகள். 20ஆம் நூற்றாண்டில் தமிழ் வாசகர்களிடையே நடந்த பெரிய விவாதங்கள் இந்த இரு முனைகளுக்கும் இடையில்தான் நடந்தன.

புதிய நூல் வெளிப்படும் முறையாக நெடுங்காலம் இருந்தது அரங்கேற்றம். நூலாசிரியரோ அவருடைய மாணவரோ கற்றோர் அவையில் நூலைப் பகுதி பகுதியாகப் படித்துப் பொருள் சொல்வதும், அவையினர் தடை எழுப்புவதும், அதற்கு விடை கூறி நூலை நிலைநாட்டுவதும் இதன் அமைப்பு. தடை என்பது ஆட்சேபம். விடை என்பது அதற்கான மறுமொழி. உரையாசிரியர்களும் தம் உரைக்குள்ளேயே இந்த முறையைக் கையாண்டார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தலபுராணங்கள் பல ஊர்களில் அரங்கேறியபோது நடந்தவற்றை உ. வே. சாமிநாதையர் தம் சரித்திரத்தில் நிறையவே பதிவு செய்திருக்கிறார். இந்த அரங்கில் கருத்துச் சொல்லும் உரிமை புலமையைப் பொறுத்தது; ஆசிரியரும் எதிரிலேயே இருந்தார்; அவருடைய புரவலரும் பெரும்பாலும் உடனிருந்தார். நூலைப் படிப்பவர் என்ற ஒரே தகுதியோடு இன்னொரு படிப்பவரிடம் பேசும் இடமாக அரங்கேற்றம் இருக்கவில்லை. அதற்கு நாவலும் பத்திரிகையும் வர வேண்டியிருந்தது.

பி. ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்தபோதே ஒரு புதிய நிலை தோன்றிவிட்டது. ஒரே மாதத்தில் ஒரே அத்தியாயத்தை, ஒருவரையொருவர் அறியாத பலர், வெவ்வேறு ஊர்களில் படித்து முடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். பின்னர் ‘ஆனந்த விகட’னும் 1941இல் தொடங்கிய ‘கல்கி’யும் இந்தக் காத்திருப்பை வாரக் கணக்குக்கு மாற்றின. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வெளிவந்த ஆண்டுகளில், நடந்துகொண்டிருக்கும் கதையைப் பற்றிய பேச்சு குடும்பங்களிலும் அலுவலகங்களிலும் அன்றாடப் பேச்சாக இருந்தது. முடிவு தெரியாத நூலைப் பற்றி நடக்கும் பேச்சு, முடிந்த நூலைப் பற்றிய பேச்சிலிருந்து வேறானது; அதில் மதிப்பீட்டைவிட ஊகமே மிகுதி, யார் எப்படிப்பட்டவர், யாரை நம்பலாம், அடுத்து என்ன நேரும் என்பவையே முக்கியக் கேள்விகள். இதை எளிய பேச்சு என்று ஒதுக்கிவிடுவது தவறு. பாத்திரங்களின் நடத்தைக்குக் காரணம் தேடும் பழக்கம் பல்லாயிரம் வாசகர்களுக்கு முதலில் இப்படித்தான் வந்தது.

தொடர்கதைப் பக்கங்களை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்துக்கொண்ட வீடுகள் தமிழகமெங்கும் இருந்தன. அந்தத் தொகுதிகள் வீடு விட்டு வீடு சென்றன. வாடகை நூல் நிலையங்களிலும் அவை கைமாறின. பல கைகள் பட்ட அப்படிப்பட்ட தொகுதி ஒன்றைப் புரட்டிப் பார்த்தால் பென்சிலால் போட்ட அடிக்கோடுகளும், விளிம்பில் ‘அருமை’ என்றோ ‘இது நடக்குமா?’ என்றோ எழுதிய ஓரிரு சொற்களும், அவற்றுக்குக் கீழே வேறொரு கையெழுத்தில் எழுதிய மறுப்பும் கண்ணில் படும். நூலைக் கெடுத்துவிட்டதாக நூலகர்கள் கடிந்துகொண்ட இந்த விளிம்புக் குறிப்புகள், ஒருவரையொருவர் பார்த்தே இராத வாசகர்கள் நடத்திய உரையாடலின் எச்சங்கள். வாசிப்பின் வரலாற்றை எழுத முனைபவர்களுக்கு இவற்றைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

பழைய கூட்டு வாசிப்புக்கும் புதிய வாசகர் கூட்டத்துக்கும் இடையில் நின்ற ஓர் அமைப்பு, ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலியில் தம் வீட்டில் நடத்திய வட்டத்தொட்டி. வீட்டின் தொட்டிக்கட்டில், அதாவது நடுமுற்றத்தை ஒட்டிய பகுதியில், நண்பர்கள் கூடி உட்கார்ந்து கம்பனையும் பிற கவிஞர்களையும் அனுபவித்ததால் அதற்கு இந்தப் பெயர் வந்தது. நீதிபதி எஸ். மகாராஜன், தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் போன்றோர் அந்த வட்டத்தில் உருவானவர்கள். ராஜாஜியும் கல்கியும் டி.கே.சி.யிடம் மிகுந்த ஈடுபாடு கொண்டவர்கள். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, எந்தச் சொல்லில் குரல் தாழ வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிக் காட்டி, மறுபடி மறுபடி அதைப் படித்து, கேட்பவர் முகத்தில் அது ஏறும்வரை டி.கே.சி. விடமாட்டார் என்று அவரைக் கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். இங்கே விளங்குவது உருத்திரசன்மனின் முறை: பாட்டு நல்லது என்பதற்குக் கேட்பவரின் மெய்ப்பாடே சான்று. இதன் சிறப்பு, கவிதையைப் பண்டிதர்களின் பிடியிலிருந்து மீட்டு இலக்கணம் படிக்காத அன்பர்களின் கையில் கொடுத்தது. இதன் குறையும் இதற்குள்ளேயே இருந்தது. தம் ரசனைக்கு ஒத்துவராத பாடல்களைக் கம்பன் பாடியிருக்க முடியாது என்று டி.கே.சி. தள்ளியபோதும் பாடங்களைத் திருத்தியபோதும், சுவடிச் சான்றுகளைக் காட்டி அதை மறுத்த அறிஞர்களோடு அவருக்குப் பொதுவான தளம் இல்லாமல் போயிற்று. அனுபவத்தை மட்டுமே சான்றாக வைத்தால், அந்த அனுபவம் வாய்க்காதவரிடம் சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆயினும், கரிசல் மண்ணின் இடைசெவலிலிருந்து கி. ராஜநாராயணனையும் கு. அழகிரிசாமியையும் தம்பால் இழுத்த ஆற்றல் அவருக்கு இருந்தது என்பதை மறக்கக் கூடாது. இரு நண்பர்களும் பின்னர் ஊர் பிரிந்தபோது கடிதங்களின் வழியே அந்தப் பேச்சைத் தொடர்ந்தார்கள். 1950களில் கோலாலம்பூரில் ‘தமிழ் நேச’னில் பணியாற்றிய அழகிரிசாமி அங்கிருந்த இளம் எழுத்தாளர்களைக் கூட்டிக் கதைகளை அலசும் இலக்கிய வட்டத்தை நடத்தினார்.

சமகாலத்து நூல்களைப் பற்றி வாசகர்கள் பேசிக்கொள்வதை ஓர் இயக்கமாகவே கருதிச் செயல்பட்டவர் க. நா. சுப்ரமண்யம் (1912–1988). ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற தலைப்பில் அவர் எழுதிய கட்டுரைகள், பெயரிலேயே ஒரு வாசகர் இன்னொரு வாசகரைப் பார்த்துக் கேட்கும் கேள்வியாக அமைந்தவை. நூலாசிரியர் யார், கதை எதைப் பற்றியது, அதில் எது தம்மைக் கவர்ந்தது என்பவற்றைச் சில பக்கங்களுக்குள் சொல்லிவிட்டு அவர் விலகிக்கொள்வார். மீதியை நூலே பேசட்டும் என்பது அவருடைய நிலை. உலக நாவல்களுக்கும் இதே முறையைக் கையாண்டதோடு நிற்காமல், தாம் சொன்னவற்றுள் சிலவற்றைத் தாமே மொழிபெயர்த்தும் கொடுத்தார். நுட் ஹாம்சனின் நாவலை ‘நிலவள’மாகவும், பேர் லாகர்க்விஸ்டின் நாவலை ‘அன்பு வழி’யாகவும், செல்மா லாகர்லெவின் நாவலை ‘மதகுரு’வாகவும் தமிழ் வாசகர்கள் படித்தது அவரால்தான். ஒரு நூல் நல்லது என்று சொல்பவர் அந்த நூலைக் கேட்பவரின் கைக்குக் கொண்டுவந்தும் சேர்க்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் பிற்காலத்து விமரிசகர்கள் பலரிடம் காணப்படாதது.

அவருடைய பட்டியல்கள்தான் பெரும் பூசலுக்குக் காரணமாயின. தமிழில் நல்ல நாவலாசிரியர்கள் இவர்கள், நல்ல சிறுகதை எழுத்தாளர்கள் இவர்கள் என்று பத்துப் பதினைந்து பெயர்களை அடுக்கி, காரணம் சொல்லாமல் அவர் முடித்துக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. இலங்கையிலிருந்து க. கைலாசபதி, சமூகப் பின்னணியைப் புறக்கணித்த தனிமனித ரசனை என்று அந்த முறையை மார்க்சியப் பார்வையில் கடுமையாக எதிர்த்து, 1980இல் அதற்கென்றே ஒரு நூலும் எழுதினார். பட்டியல் ஒரு முழுமையான மதிப்பீடு ஆகாது என்பதில் ஐயமில்லை. ஆனால் நூலகத்தில் வரிசையாக அடுக்கிய நாவல்களின் முன் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கும் இளைஞருக்கு, நிறையப் படித்த ஒருவர் தரும் பெயர்கள் செய்யும் உதவியை எந்தக் கோட்பாட்டு நூலும் செய்யாது. க.நா.சு.வின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கி, பிறகு அந்தப் பட்டியலோடு சண்டையிட்டுத் தம் சொந்த ரசனையை அமைத்துக்கொண்ட தலைமுறையினர் பலர். பட்டியலின் பயன் அதை ஏற்பதில் மட்டும் அடங்கிவிடவில்லை என்பதற்கு அவர்களே சான்று.

இந்த முறைக்கு மாற்றாக எழுந்தது சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’. 1959 ஜனவரியில் திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் இருந்த தம் வீட்டையே அலுவலகமாக்கி அவர் தொடங்கிய இந்தச் சிறுபத்திரிகை 1970 வரை 119 இதழ்கள் வந்தது. புதுக்கவிதையின் பிறப்பிடமாக ‘எழுத்து’ இன்று நினைக்கப்பட்டாலும், தொடங்கும்போது செல்லப்பாவின் முதல் நோக்கம் விமர்சனமே. அவர் விரும்பியது அலசல் முறை விமர்சனம்: ஒரு படைப்பைப் பற்றிய முடிவைச் சொல்வதோடு நில்லாமல், அந்தப் படைப்பின் சொல், நடை, பார்வைக் கோணம், கட்டமைப்பு ஆகியவற்றைப் பிரித்துக் காட்டி, முடிவுக்கு வந்த வழியையும் வாசகருக்குக் காட்டும் முறை. இதன் ஊற்று ஆங்கில விமர்சனத்தில் உள்ளது. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் ஆசிரியர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த கருத்துகளைத் தொகுத்து ஆராய்ந்து 1929இல் வெளியிட்ட நூல், நன்கு படித்த மாணவர்களும் கவிதையின் நேர்ப்பொருளையே தவறவிடுகிறார்கள் என்பதையும், புகழ்பெற்ற பெயர் இல்லாதபோது தீர்ப்புகள் தலைகீழாக மாறுகின்றன என்பதையும் வெளிப்படுத்தியது. பெயருக்கு மயங்காமல் பிரதியைப் பார்க்க வேண்டும் என்ற அந்தப் பாடத்தைச் செல்லப்பா தமிழுக்குத் தேவையென்று உணர்ந்தார். பெரிய பத்திரிகைகளின் விற்பனையும் எழுத்தாளரின் செல்வாக்குமே நூலின் தரமாகக் கருதப்பட்ட சூழலில், அந்தத் தேவை உண்மையானது.

செல்லப்பாவின் கட்டுரைகள் எளிதில் படிக்கக் கூடியவை அல்ல. வாக்கியங்கள் முறுக்கேறியவை, ஒரு சிறுகதையைப் பற்றிய அலசல் சில சமயம் அந்தச் சிறுகதையைவிட நீண்டுவிடும். கதை படித்த மகிழ்ச்சி இந்த அலசலில் காணாமல் போகிறது என்று அன்றே சிலர் குறைப்பட்டார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ‘எழுத்து’ செய்த மிகப் பெரிய காரியம் அதன் ஆசிரியரின் கட்டுரைகளில் இல்லை, வாசகர் கடிதங்களுக்கு அது கொடுத்த இடத்தில் இருக்கிறது. அந்தப் பக்கங்களில் வந்த கடிதங்கள் ‘சென்ற இதழ் நன்று’ என்ற பாராட்டுச் சீட்டுகளாக இல்லாமல், முந்தைய இதழின் கட்டுரையோடு வாதிடும் மறுப்புகளாக இருந்தன. வட இந்தியாவில் அரசுப் பணியில் இருந்துகொண்டு பத்திரிகையைத் தபாலில் பெற்றுப் படித்த வெங்கட் சாமிநாதன் ஒரு வாசகராகத்தான் ‘எழுத்து’க்குள் நுழைந்தார், அவருடைய ‘பாலையும் வாழையும்’ என்ற கட்டுரை தமிழ்ப் பண்பாட்டு விமர்சனத்தின் போக்கையே அசைத்தது. திருகோணமலையிலிருந்து, இருபது வயதை ஒட்டிய தருமு சிவராமு அதே பத்திரிகைக்கு எழுதத் தொடங்கினார். பிற்காலத்தில் பிரமிள் என்று அறியப்பட்ட கவிஞரும் விமர்சகரும் அவரே. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் வாயில்களுக்கு வெளியே, சில நூறு பேர் மட்டுமே படித்த ஒரு பத்திரிகையில், இரு வேறு மூலைகளில் இருந்த வாசகர்கள் தம் கருத்துக்குக் காரணம் சொல்லும்படி கேட்கப்பட்டதால் விமர்சகர்களாக ஆனார்கள். அரங்கேற்ற அவையின் தடைவிடை இங்கே புலமைத் தகுதியின் வேலியைத் தாண்டிச் சாதாரண வாசகருக்கு வந்து சேர்ந்தது. புத்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் விற்ற செல்லப்பா, அந்தப் பயணங்களில் செய்ததும் இதன் தொடர்ச்சியே.

பத்திரிகைக்கு எழுதும் கடிதம் ஒரு பொதுப்பேச்சு. தனிப்பட்ட முறையில் ஒரு வாசகர் படைப்பாளிக்கு எழுதும் கடிதம் வேறொரு வகை. அதில் தமிழில் நிகரற்றவர் என்று தி. க. சிவசங்கரனை (1925–2014) சொல்லலாம். ‘தாமரை’ இதழின் ஆசிரியப் பொறுப்பில் இருந்த காலத்தில் இளம் எழுத்தாளர்கள் பலரை வளர்த்த தி.க.சி., திருநெல்வேலிக்குத் திரும்பி சுடலைமாடன் தெரு வீட்டில் வாழ்ந்த முதுமைக் காலத்திலும், அன்றைய தபாலில் வந்த சிற்றிதழ்களைப் படித்து முடித்த கையோடு அஞ்சலட்டை எழுதுவதை நிறுத்தவில்லை. முன்பின் தெரியாத ஒரு புதிய எழுத்தாளரின் முதல் கதை எங்கோ ஒரு சிறுபத்திரிகையில் வந்தால், அவர் எதிர்பாராத வேளையில் தி.க.சி.யின் அட்டை அவர் வீட்டு வாசலில் வந்து விழும். அஞ்சலட்டை என்பது ஒரு கை அகலம். முகவரிப் பக்கத்தில் எஞ்சிய இடத்தையும் சேர்த்தால்கூட இருபது வரிகளுக்கு மேல் எழுத முடியாது. அந்த இடத்துக்குள் எந்தக் கதை, எந்த இதழ், அதில் தமக்குப் பட்ட சிறப்பு என்ன, அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். மூடி ஒட்டாத அட்டை என்பதால் தபால்காரர் முதல் வீட்டார்வரை எவரும் அதைப் படிக்கலாம். சுருக்கமும் ஒளிவுமறைவின்மையும் அந்த வடிவமே விதித்த ஒழுங்குகள். அவருக்கு 2000ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத் தந்த நூலின் பெயர் ‘விமர்சனங்கள், மதிப்புரைகள், பேட்டிகள்’ என்பது குறிப்பிடத் தக்கது. பிறர் நூல்களைப் படித்துச் சொன்னதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது, அரிதாக நேர்ந்த நல்ல நீதி.

தி.க.சி.யின் அட்டைகளில் பாராட்டு மிகுதி, கண்டிப்புக் குறைவு என்று சொல்லப்படுவதுண்டு. தொடக்க நிலையில் உள்ள படைப்பாளிக்கு அது கெடுதல் செய்யும் என்பது செல்லப்பா வழி வந்தவர்களின் வாதம். இந்த வாதத்தை முழுவதும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. படைப்பாளியிடம் பேசுவதும் சக வாசகரிடம் பேசுவதும் ஒரே செயல் அன்று. எழுதியவருக்குத் தேவைப்படுவது, தம் எழுத்தை யாரோ ஒருவர் கவனமாகப் படித்தார் என்ற உறுதி. படிக்கப் போகிறவருக்குத் தேவைப்படுவது நூலின் நிறையும் குறையும். அஞ்சலட்டை முதலாவதைச் செய்தது, ‘எழுத்து’ இரண்டாவதைச் செய்ய முயன்றது. குழப்பம் நேர்வது, முதலாவதற்குரிய கனிவோடு இரண்டாவதைச் செய்யும்போதுதான். இன்றைய நூல் வெளியீட்டு விழாக்கள் பலவற்றின் கோளாறு இதுவே: ஆசிரியரை மேடையில் அமர்த்தி, அவர் முகம் பார்த்து, எதிரே இருக்கும் நூறு வாசகர்களிடம் நூலைப் பற்றிப் பேசுகிறார்கள், பேச்சு வாசகர்களுக்கு வந்து சேர்வதில்லை.

யார் யாரோடு உட்கார்ந்து நூலைப் பற்றிப் பேச முடியும் என்ற கேள்வியை இதுவரை சொன்ன அமைப்புகள் எதுவும் நேராக எதிர்கொள்ளவில்லை. வீட்டு முற்றத்தில் கூடும் வட்டம் எவ்வளவு பரந்த மனத்தோடு நடந்தாலும், அந்த வீட்டுக்குள் தயக்கமின்றி நுழையக் கூடியவர்களின் வட்டமாகவே இருக்கும். சாதியும் பாலினமும் வாசலிலேயே பலரை நிறுத்திவிடும். யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. டொமினிக் ஜீவா (1927–2021) 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’ மாத இதழைத் தொடங்கியபோது, அவர் குலத்தொழிலாக நடத்திவந்த முடிதிருத்தகமான ஜோசப் சலூனே அதன் அலுவலகமாகவும் இருந்தது. ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு பெற்று, அப்பரிசைப் பெற்ற முதல் தமிழ் எழுத்தாளராக அவர் ஆன பிறகும் அந்த இடத்தை அவர் மறைக்கவோ மாற்றிக்கொள்ளவோ விரும்பவில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் மாணவர்களும் ஆசிரியர்களும் இலக்கியம் பேச அந்தச் சலூனுக்கு வந்தாக வேண்டியிருந்தது. கோயில்களிலும் தேநீர்க் கடைகளிலும் தாழ்த்தப்பட்டோருக்கு இடம் மறுக்கப்பட்டு, அதற்கெதிராக 1960களில் கடும் போராட்டங்கள் நடந்த ஊரில், நாற்காலியில் ஒருவர் முடிவெட்டிக்கொண்டிருக்க, பக்கத்துப் பெஞ்சில் மற்றவர்கள் புதிய சிறுகதையைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்த அந்த இடத்துக்கு, அதில் பேசப்பட்ட கருத்துகளையும் கடந்த ஒரு முக்கியத்துவம் உண்டு. இதழ்களைத் தாமே சுமந்து வீதிவீதியாக விற்ற ஜீவா, ‘தூண்டில்’ என்ற பகுதியில் வாசகர் கேள்விகளுக்கு நேராக விடை சொன்னார். போரும் இடப்பெயர்வும் குறுக்கிட்டும் ‘மல்லிகை’ 400க்கும் மேற்பட்ட இதழ்கள் வந்தது.

தமிழகத்தில் இந்தக் கேள்விக்கு அரசு வழியில் கிடைத்த விடை பொது நூலகம். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. இன்னொன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. இரண்டாவதாகச் சொன்ன விதியை நூலகரால் மட்டும் நிறைவேற்றிவிட முடியாது. அலமாரியில் கிடக்கும் நூலை ஒரு வாசகர் இன்னொருவருக்குச் சொல்லியாக வேண்டும். 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் வளர்ந்த நூலகங்கள் பலவற்றில் வாசகர் வட்டங்கள் உருவாகி, மாதக் கூட்டங்களில் நூல் அறிமுகம் நடத்துவது அந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியே. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960களின் நடுவில் தொடங்கிய பதிப்பகம் ‘வாசகர் வட்டம்’ என்றே பெயர் கொண்டது. உறுப்பினர் சேர்த்து, நல்ல தாளில் நல்ல கட்டமைப்போடு நூல்களை அளித்த அது, லா. ச. ராமாமிர்தத்தின் ‘புத்ர’, சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ முதலியவற்றைத் தேர்ந்த வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது.

கூடிப் பேசும் முறைக்கு மிக எளிய, மிக உறுதியான விதியை வகுத்தது 1970இல் சென்னையில் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு. அந்த மாதத்தில் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளை ஒருவர் படித்து, கூட்டத்தில் அவற்றைப் பற்றிப் பேசி, ஒன்றைச் சிறந்ததாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்டு முடிவில் பன்னிரண்டு கதைகள் ஒரு தொகுதியாக வெளிவரும். மாதத்துக்கு ஒருவராகப் பொறுப்பு மாறுவதால் ஒருவரின் ரசனை நிலைத்து ஆள முடியாது. பேசுபவர் பிடித்த ஒன்றை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போக முடியாது. விட்டுவிட்ட கதைகளை ஏன் விட்டார் என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தாக வேண்டும். க.நா.சு.வின் பட்டியலும் செல்லப்பாவின் காரணமும் ஒரே மாலைப்பொழுதில் சேர்ந்த இடம் என்று இதைக் கருதலாம். வணிகப் பத்திரிகைகளின் கதைகளுக்கு இது அதிக இடம் கொடுத்தது என்ற குறை உண்டு. ஆனால் வாசகரை, படிக்காமல் பேச முடியாத நிலையில் நிறுத்தியது என்ற அளவில் அது செய்த தொண்டு பெரிது. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியைச் சுற்றி அமைந்த ‘காகங்கள்’ கூட்டங்கள் இதைவிடச் சிறியவை, கட்டுப்பாடு மிக்கவை. கட்டுரை படித்தலும் அதன்மேல் விவாதமுமாக நடந்த அந்தச் சிறு கூட்டங்களிலிருந்து பிற்காலத் தமிழின் குறிப்பிடத்தக்க எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் வந்தார்கள்.

இந்த அமைப்புகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரு வாசகரின் கருத்து இன்னொருவருக்கு எப்போது உதவியது என்பது ஓரளவு தெளிவாகிறது. தமக்குக் கிடைத்த அனுபவத்தை மறைக்காமல் சொல்லி, அந்த அனுபவத்தைத் தந்த இடத்தையும் நூலுக்குள் சுட்டிக் காட்டியவரின் பேச்சே கேட்டவரை நூலை நோக்கித் திருப்பியிருக்கிறது. பொதுவாக ‘விறுவிறுப்பாகப் போகிறது’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், கேட்டவர் அதை ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் வழியில்லை. ‘சாயாவன’த்தில் காட்டை அழிக்கும் வேலை படிப்படியாக நடப்பதை விரிவாகச் சொல்லும் பகுதிகள்தான் நாவலின் உயிர் என்று ஒருவர் சொன்னால், அந்தப் பகுதிகளே சலிப்பூட்டுகின்றன என்று மற்றவர் மறுக்கலாம், இருவரும் திரும்பிச் சென்று அதே பக்கங்களைப் படிக்கலாம், படித்த பின் ஒருவர் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவும் கூடும். மாற்றிக்கொள்ளும் அந்த வாய்ப்பு இருக்கும்வரைதான் பேச்சு நடக்கிறது.

இத்தகைய பேச்சில் மிகப் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டது. எழுத்தாளர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் தொகுக்கப்பட்டு நூலாகியிருக்கின்றன, ‘கு. அழகிரிசாமி கடிதங்க’ளும் டி.கே.சி.யின் கடிதங்களும் அவ்வாறு காக்கப்பட்டவை. எழுத்தாளர் ஆகாத வாசகர்கள் எழுதியவற்றுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. ‘எழுத்து’, ‘தாமரை’, ‘மல்லிகை’ இதழ்களின் கடிதப் பக்கங்கள், நூலக வாசகர் வட்டங்களின் கூட்டக் குறிப்புகள், வீடுகளில் எஞ்சியிருக்கும் பைண்டு தொகுதிகளின் விளிம்பு எழுத்துகள், பழைய பெட்டிகளில் கிடக்கும் அஞ்சலட்டைகள் ஆகியவற்றை ஓர் ஒழுங்கோடு தேடித் தொகுக்கும் பணியை ஆய்வு நூலகங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் மேற்கொள்ள வேண்டும். தமிழ் நாவலின் வரலாறு இதுவரை எழுதியவர்களின் பக்கத்திலிருந்தே சொல்லப்பட்டிருக்கிறது. படித்தவர்களின் பக்கத்திலிருந்து அதைச் சொல்வதற்கு வேண்டிய மூலங்கள் இந்தத் தாள்களில்தான் உள்ளன. பழைய தாள் கிலோக் கணக்கில் எடைக்குப் போகும் ஊர்களில், அதற்கு மிஞ்சியிருக்கும் காலம் அதிகமில்லை.